மூன்றாவது மோட்டார்

ஒரு ஊரில் யாராவது இறந்துபோனால் அன்று பொழுதுக்குள் எனக்குத் தெரிந்துவிடும். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்று தெரியாது. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக்கு வீடு தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். அந்த ஊரின் கிணறுகள் எல்லாம் வழக்கமில்லாத ஒரு வேளையில் சேர்ந்தாற்போல் இரண்டு விரற்கடை இறங்கும். என் திரையில் பதினைந்து இருபது கோடுகள் ஒன்றாகத் தலைகுனியும். கல்யாணம் என்றால் வேறு மாதிரி. ஒரே ஒரு வீட்டின் கிணறு விடியற்காலையில் இறங்க ஆரம்பித்து நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும்.

நல்லமங்கை ஆற்றின் படுகையில் பதினோராயிரத்து நானூறு கிணறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டைவிரல் தடிமனில் ஒரு மட்டமானி தொங்குகிறது. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அது சொல்லும். அத்தனையும் வந்து சேரும் நிலையம் ஒரு கரட்டுக் குன்றின் உச்சியில் இருக்கிறது. தொடங்கியபோது ஆறு பேர் இருந்தோம். வேலையை இயந்திரம் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். ஒரு மனிதராவது இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருப்பதால் நான் இருக்கிறேன். மானிகளுக்கு மின்கலம் மாற்றும் குமரவடிவேல் செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். அவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லும்போது என் குரல் கரகரவென்று வரும். திங்கட்கிழமை மாலையே ஒருமுறை செருமிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று நினைப்பேன். மறந்துவிடுவேன்.

இந்த அமைப்பைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. கட்டவேண்டியிருந்தது. அதற்கு முன்பு, ஆறு ஓடும் மூன்று மாவட்டங்களும் மூன்று பொய் சொல்லிக்கொண்டிருந்தன. மேலே இருப்பவர்கள் இருப்பைக் குறைத்துச் சொல்வார்கள், கீழே இருப்பவர்கள் தேவையைக் கூட்டிச் சொல்வார்கள், நடுவில் இருப்பவர்கள் இரண்டையும் செய்வார்கள். நான் இளநிலைப் பொறியாளராக இருந்த ஒரு கோடையில், மேலணையில் திறந்துவிடத் தண்ணீர் இல்லை என்று ஒரு கூட்டத்தில் வாசித்தேன். இருந்தது. வாசித்தபோதே எனக்குத் தெரியும். கடைக்கோடியில் இருக்கும் மணலோடை நகரத்தின் குழாய்களில் நாற்பத்து மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. பிரசவ வார்டை மூடி, நிறைமாதக்காரிகளை வண்டியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் நல்லபடியாகத் திரும்பினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அதனால்தான் எல்லார் தண்ணீரும் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று தொடங்கினோம். படுகையில் இருக்கும் யாரும் எந்தக் கிணற்றின் மட்டத்தையும் பார்க்கலாம். எவ்வளவு யாருக்கு என்பதை முடிவுசெய்ய ஒரு நிரல் எழுதி, பகிர்வி என்று பெயர் வைத்தோம். பகிர்வியிடம் சிபாரிசு செல்லாது. மிரட்ட முடியாது. அதன் முடிவை நானும் மாற்ற முடியாது. ஏதாவது ஒரு மானியை 'பழுது' என்று நான் குறித்தால் மட்டும், அந்தக் கிணற்றைப் பகிர்வி ஒரு வருடத்துக்கு விட்டுவைக்கும். அந்தப் பொத்தான் என் திரையின் வலது ஓரத்தில் இருக்கிறது. உண்மையான பழுதுக்குத் தவிர அதைத் தொட்டதில்லை.

பகிர்வியின் விதிகளில் பதினேழாவதை எழுதியது நான். ஒருவர் தம் பங்குத் தண்ணீரைத் தொடர்ந்து ஆறு வருடம் முழுதாக எடுக்கவில்லை என்றால், எடுக்காத அளவு அவருக்குத் தேவையில்லாதது, அது உபரி. உபரி உள்ள கிணற்றின் மேல் படுகை தன் சொந்த மோட்டார் ஒன்றை வைத்து, அந்தத் தண்ணீரைக் குழாயில் கீழே அனுப்பும். ஒரு பிற்பகலில் எழுதி முடித்தேன். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தேவையிருந்தும் ஒருவர் ஏன் எடுக்காமல் இருப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

மானிகள் தொங்கி ஆறு வருடம் முடிந்தது. தை முதல் தேதி பகிர்வி தன் முதல் உபரிப் பட்டியலை வெளியிட்டது. இருநூற்றுப் பதினான்கு கிணறுகள். யாரும் கேட்காவிட்டாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வேறு வேலையும் இல்லை.

7316ஆம் கிணற்றில் நின்றுவிட்டேன்.

அது இரண்டு பேருக்குச் சொந்தமான பங்குக் கிணறு. ஒருநாள் ஒருவர் முறை, மறுநாள் மற்றவர் முறை. ஒரு முறைக்கு நாலு மணி நேரம் மோட்டார் ஓட்டலாம். காலை ஆறு மணிக்குக் கோடு இறங்கத் தொடங்குகிறது. எட்டரைக்கு நின்றுவிடுகிறது. மறுநாளும் எட்டரை. அதற்கு மறுநாளும் எட்டரை. ஆறு வருடமாக, இரண்டு பேரும், ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுத்ததேயில்லை. சித்திரையில் சுற்றியிருக்கும் கிணறுகள் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதும் இந்தக் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றிருக்கிறது. ஒரே ஒரு நாள் ஒருவருடைய மோட்டார் ஏழு ஐம்பதுக்கே நின்றிருந்தது. அதை மின்தடை என்று குறித்து வைத்திருந்தேன்.

பங்குக் கிணறுகளுக்கு மட்டும் அன்றன்றைய கடைசி மட்டத்தைத்தான் வெளியே காட்டுவோம், யார் எவ்வளவு எடுத்தார் என்பதைக் காட்டுவதில்லை. பங்காளிச் சண்டைக்குப் பயந்து வைத்த விதி. ஆகவே இந்த எட்டரை மணி என் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை குமரவடிவேல் வந்தார். ஐம்பத்தைந்து வயது, இந்தப் பக்கத்துக்காரர். நான் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், சக்கரையவும் உபரின்னு எடுத்துட்டாங்களாட்ட இருக்குது."

"போட மறந்துட்டேன். 7316 எந்த ஊரு?"

"செங்காட்டுவலசுங்க. வெள்ளியங்கிரி கெணறு. மானி மக்கர் பண்ணுதுங்களா?"

"மானி நல்லா இருக்கு. ஆளுங்கதான் புரியல. ரெண்டு பேரும் ரெண்டரை மணி நேரத்துல மோட்டார நிறுத்திடறாங்க."

அவர் எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளியங்கிரியண்ணனும் அவரு தம்பி தேவராசும் பங்குங்க. ஒம்பது வருசம் முன்னால அண்ணன் முறையன்னிக்கு, அவரு மோட்டார்க் குழா அடியில ஃபுட்வால்வு அடைச்சுக்கிச்சு. தம்பிதான் கெணத்துக்குள்ள எறங்குனாரு. எழுவதடிங்க. மேல வரல. எழவன்னிக்கு தேவராசு சம்சாரம், சுலோச்சனாக்கா, அத்தன பேரு முன்னால கேட்டுப்போட்டாங்க. 'உங்க முறையன்னிக்கு எம்புருசனுக்குக் கெணத்துல என்ன வேல'ன்னு. அன்னிக்கு நின்னது பேச்சு. வூடு ரெண்டும் எதிரும் புதிருமா. ஒரு நல்லது கெட்டது இல்ல."

"அப்போ தண்ணி?"

"அவரு இந்தம்மாவுக்குன்னு உடறாரு. இந்தம்மா அவருக்குன்னு உடுது. ஒருத்தரு உட்டத இன்னொருத்தரு எடுக்கறதில்லீங்க. அது பாட்டுக்கு நிக்குது."

"ரெண்டு பேர் காடும்?"

"பாதி தரிசுங்க."

நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்கும் என்றேன். முப்பது நாளில் பங்குதாரர்கள் இருவரும் நேரில் வந்து ஒரே தாளில், எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டும் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கடைசிப் பதினான்கு நாளும் தத்தம் முறையில் நாலு மணி நேரம் முழுதாக எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மூன்றாவது மோட்டார் வந்துவிடும்.

"வந்துச்சுன்னா சித்திரைல அந்தக் கெணத்துல பாறதானுங்க. ஊருல இப்பவே, மூணாவது பங்காளி எப்ப வர்றாரு, விருந்து வெக்கோணும்னு நக்கல் பண்றாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "மானி ரிப்பேருன்னு போட்டுருங்களே மேடம். ஒரு தட்டு தட்டுனாப் போச்சு."

"அதப் பண்ண மாட்டேன்."

"ஒரு கெணத்துக்குங்க."

"ஒண்ணுக்குப் பண்ணினா மத்த எல்லா எண்ணும் அன்னைக்கே பொய்யாயிடும் குமரவடிவேல். அந்தத் தண்ணி போற இடம் மணலோடை. அங்கேயும் ஆளுங்க இருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று, "ஒருக்கா வந்து பாருங்க மேடம். இந்தக் கோட்டையே பாத்துட்டிருந்தா நீங்களும் ஒரு கோடாயிருவீங்க" என்றார்.

ஆறு வருடத்தில் நான் ஒரு கிணற்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது ஊருக்கு அரசல்புரசலாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் தவறாமல், ஒரு நிமிடம் பிசகாமல் என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் உடைந்துபோவார்கள், அழுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். யாரிடமாவது சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்து நீண்ட நாளாகிவிட்டது. சந்தோஷமாகவே இருந்தது.

கிணறு நான் நினைத்ததைவிடப் பெரியது. பாறையில் சதுரமாக வெட்டி இறக்கியிருந்தார்கள். இந்தக் கரையில் ஒரு மோட்டார் அறை, எதிர்க்கரையில் இன்னொன்று. தண்ணீர் வெகு கீழே கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அந்த இடத்தில் நின்று பார்த்தபோது எனக்கு எந்த எண்ணும் ஞாபகம் வரவில்லை.

வெள்ளியங்கிரி மோட்டார் அறையின் நிழலில், முதலில் பிடுங்கிய கொஞ்சம் வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்று, உட்காரச் சொல்லிச் சாக்கை உதறிப் போட்டார். நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். ஆறு வருடம், ரெண்டரை மணி நேரம், அவங்களும் உங்களுக்காக, ஒரு நாளும் தவறவில்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மோட்டார் ஓடறது காதுல உழுகாதுங்களா அம்மிணி?"

எதிர்க்கரை மோட்டார் அறையைக் கைகாட்டினார்.

"ஒம்பது வருசமா உழுகுதுங்க. தம்பி சம்சாரம், அந்தப் புள்ள முறையன்னிக்கு நா எட்டரைக்கு இங்க வந்து உக்காந்துக்குவேன். சத்தம் நின்னுச்சுன்னா, செரி, நல்லாருக்குதுன்னு எந்திரிச்சுப் போவேன். ஒருக்கா எட்டு மணி கூட ஆகல, நின்னு போச்சு. என்னமோ ஏதோன்னு ஆயிருச்சு. ஆள உட்டுப் பாத்தா காச்சல். மருந்து வாங்கிக் குடுத்தனுப்புனேன். யாரு குடுத்ததுன்னு சொல்லக்கூடாதுன்னு."

"சொல்லலையா?"

"சொல்லோணுமாக்கும். அடுத்த முறைக்கு நா எறங்கி வந்து பாத்தா, எம்மோட்டார் ரூம்பு வாசல்ல ஒரு முருங்கக்கா கட்டு கெடந்துச்சு."

ஏழு ஐம்பது. மின்தடை. அந்தக் குறிப்பை எழுதியது நான்தான்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் வெங்காயத்தைக் கையில் எடுத்தார், அரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். குமரவடிவேல் கிணற்றுக்குள் பார்த்தபடி நின்றார். எங்கோ ஒரு மயில் கத்தி ஓய்ந்தது. நான் நிலையத்தில் எவ்வளவோ மௌனத்தோடு இருந்திருக்கிறேன், ஆனால் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் மௌனம் வேறு.

"அந்தப் புள்ள கூப்புட்டா வருவனுங்க" என்றார் கடைசியில். "நா கூப்புட முடியாது. எம்முறையன்னிக்குத்தான் செத்தான் அவன்."

"அப்போ நாலு மணி நேரம் எடுங்க. பதினாலு நாள்தான். உங்க முறை ஏழு நாள்தான் வரும்."

"எடுத்து எங்கீங்க உடறது? அம்பது சென்டு வெங்காயம். ரெண்டரை மணித் தண்ணிக்குன்னு அளந்து போட்டது. மேல உட்டா அழுகிப் போயிரும்."

"சும்மா தரையில விடுங்க."

"தண்ணியவா?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுலோச்சனா எதிர்க்கரைக்கு அப்பால் மஞ்சள் காட்டில் இருந்தார். தாள்கள் நுனியிலிருந்து பழுப்பேறிச் சுருண்டிருந்தன. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. நெடுநெடுவென்று உயரமான பெண்மணி. குமரவடிவேலைப் பார்த்ததும், "என்னப்பா, மூணாவது பங்காளியக் கையோட கூட்டியாந்துட்டயாட்ட இருக்குது" என்றார். என்னைப் பார்த்து, "உங்களையில்லீங்க. வாங்க" என்றார்.

இவரிடம் ஒத்திகை பார்த்த எதையும் நான் சொல்லவில்லை. மஞ்சள் காய்கிறதே என்றேன்.

"காயுதுங்க."

"கிணத்துல தண்ணி நிக்குது."

"அது பெரியவரு உட்டதுங்க."

குமரவடிவேல் வண்டியைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் காதுக்கு எட்டாத தூரம் போகும்வரை சுலோச்சனா காத்திருந்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அன்னிக்கு அவர எறங்கச் சொன்னது நானுங்க. பெரியவரு, ஆளக் கூப்புட்டுப் பாத்துக்கலாம், எறங்காதேன்னுதான் சொன்னாராமா. வூட்டுக்கு வந்து சொல்லிப்போட்டு சோத்துக்கு உக்காந்தாரு. நாந்தான், வயசான மனுசன் வெயில்ல நிக்கறாரு, நீங்க எறங்கி எடுத்துக் குடுத்துட்டு வந்து சாப்புடுங்கன்னேன். எந்திரிச்சுப் போனாரு."

காய்ந்த தாள் ஒன்றைக் கிள்ளி விரலில் சுற்றினார்.

"அப்பறம் அங்க அத்தன பேரு நிக்கறாங்க. எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. என்னமோ வாய்ல வந்துருச்சுங்க."

"அவருக்கு இது தெரியாதா?"

"தெரியாது. சொல்லோணும்னு அன்னிக்குச் சாயங்காலமே நெனச்சேன். காரியம் முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் வருசம் திரும்பட்டும்னு. இப்ப சொன்னா, இத்தன நாளு ஏன் சொல்லலேன்னு ஆயிரும்." எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நீங்க சொல்லீராதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"கையெழுத்தெல்லாம் வேண்டாமுங்க. பக்கத்துல நின்னுட்டு, அதச் சொல்லாம எப்புடிப் போடறது?"

சொல்வதற்காகப் போன நான், சொல்லக் கூடாத ஒன்றைச் சுமந்துகொண்டு திரும்பினேன். வண்டியில் வரும்போது குமரவடிவேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அந்த நாகரிகம் உண்டு.

பதினேழாவது விதியில் பிழை இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினேன். மக்கள் தண்ணீரை எடுக்காமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன என்று எழுதி, அடுத்த வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிறுத்தினேன். காரணங்களுக்குப் பகிர்வியில் இடம் கிடையாது. மூன்று நாளில் பதில் வந்தது. விதி எதிர்பார்த்தபடி செயல்படுகிறது.

அது செயல்பட்டது. பட்டியலில் இருந்த சில கிணறுகளின் கோடுகள் திடீரென்று செங்குத்தாக இறங்க ஆரம்பித்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை குமரவடிவேல் கால்சட்டையெல்லாம் சேறாக வந்தார். "ரோட்டுல தண்ணி ஓடுதுங்க மேடம். மழ பேஞ்சாப்புல. எடுத்துக் காட்டோணுமாம், அதுக்காவ உடறாங்க. கரைப்புதூர்ல ஒருத்தரு கெணத்துத் தண்ணிய எறைச்சுப் பள்ளத்துல உடறாரு. ஒரு வருசத்துத் தண்ணி." நான் படுகையின் வரைபடத்தை அவர் கண்ணில் படாதபடி மூடினேன். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதற்காக அதை வரைந்தவர்கள் நாங்கள்.

7316 மட்டும் மாறவில்லை. எட்டரை. எட்டரை. எட்டரை.

பதினேழாம் நாளிலிருந்து முழுதாக எடுக்கத் தொடங்காவிட்டால் பதினான்கு நாள் கணக்கு நிறையாது. அன்று வெள்ளியங்கிரியின் முறை. காலை ஐந்தரைக்கே திரை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்குக் கோடு இறங்க ஆரம்பித்தது. எட்டு மணிக்கு நான் எழுந்து நின்றேன். எட்டு இருபதுக்கு அம்புக்குறியை 'பழுது' பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தேன். அழுத்துவதற்காக இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று இன்றுவரை தெரியாது.

எட்டரை ஆனது. எட்டு முப்பத்தாறுக்கு அடுத்த புள்ளி வந்தது. கோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது. ஒன்பதரை. பத்து மணிக்கு நின்றது.

மறுநாள் சுலோச்சனாவின் முறை. பத்து மணி.

அம்புக்குறியை எடுத்துவிட்டேன். கிணறு தப்பித்தது. நான் பொய் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. இது எப்படி முடிய வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் இதையே எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் எட்டரை மணி என்பது அவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் நேரம். நல்லா இருக்கியா, இருக்கேன். ஒன்பது வருடமாக அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். இனி இருவருடைய மோட்டாரும் பத்து மணிக்கு நிற்கும். படுகையில் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் பத்து மணிக்கு நிற்கின்றன. அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அவர்கள் பேச்சை நிறுத்தியது நான்.

பதினான்கு நாளும் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஒரு நாளும் குறையவில்லை. அதற்கிடையே வந்த இரண்டு செவ்வாய்க்கிழமைகளிலும் குமரவடிவேல் வரவில்லை. பட்டியல் கிணறுகளில் மோட்டார் வைப்பதற்கு அளவெடுக்க அவரை அனுப்பியிருந்தார்கள். முப்பதாம் நாள் மாலை பகிர்வி முடிவுகளை வெளியிட்டது. இருநூற்றுப் பதினான்கில் நூற்று எண்பத்தேழு கிணறுகளுக்கு மூன்றாவது மோட்டார், நாலாவது மோட்டார். 7316க்கு நேரே 'உபரி இல்லை' என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"மேடம், பாத்தீங்களா? வெள்ளியங்கிரியண்ணன் கெணறு தப்பிச்சுக்கிச்சு."

"பாத்தேன்."

"என்ன, குரல் ஒரு மாதிரியா இருக்குது."

"ரெண்டு வாரமா யார்கிட்டயும் பேசல. அதான். ரெண்டு பேரும் முழுசா எடுத்துட்டாங்க. நல்லதுதான்."

"எடுத்தாங்க. எங்க உட்டாங்கன்னு தெரியுங்களா?"

தெரியாது. மானி கிணற்றுக்குள் தொங்குகிறது. மேலே ஏறிய தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று அதற்குத் தெரியாது. எங்களுக்கும் அது தேவைப்பட்டதில்லை.

"மொத நாளு நா அங்கதானுங்க இருந்தேன். எட்டரையாச்சு. மோட்டார நிறுத்துவாருன்னு பாத்தா, அது பாட்டுக்கு ஓடுது. இவரு மம்முட்டியத் தூக்கிட்டு நேரா நடந்து போயி, ரெண்டு காட்டுக்கும் நடுவால இருக்கற வரப்ப வெட்டி உட்டுட்டாருங்க. ஒம்பது வருசமா அந்த வரப்புல ரெண்டு பேரும் கால் வெச்சதில்ல. தண்ணி சர்ருனு மஞ்சக் காட்டுக்குள்ள போகுது. ரோட்டுல போன நாலஞ்சு பேரு வண்டிய நிறுத்திட்டாங்க. சுலோச்சனாக்கா அந்தக் கோடில இருந்து மம்முட்டியோட ஓடியாருது. போச்சு, அடைக்கப் போகுது, சண்டதான்னு நெனச்சோம்."

"அடைச்சாங்களா?"

"வந்து நின்னுதுங்க. வெட்டுன எடத்தையே பாத்துட்டு நின்னுச்சு. ரொம்ப நேரம். அப்பறம் குனிஞ்சு மொதப் பாத்திக்கு மடையத் தொறந்துச்சு. அது நெறைய, அடுத்த பாத்தி. அது நெறைய, அதுக்கு அடுத்தது. இந்தக் கோடில அவரு மோட்டார்கிட்ட நிக்கறாரு, அந்தக் கோடில இது தண்ணி கட்டுது. ஒண்ணரை மணி நேரம். கடசிப் பாத்தி நெறஞ்சதும் நிமுந்து, இவரப் பாத்து ஒரு கைய ஒசத்துச்சு. அவரு மோட்டார நிறுத்துனாரு. அவ்வளவுதானுங்க. பேச்சு கீச்சு ஒண்ணுமில்ல."

நான் 7316இன் கோட்டைத் திரையில் திறந்தேன்.

"அடுத்த நாளு அந்தம்மா தண்ணி இவரு தரிசுல பாயுது. வெறும் மண்ணுல. அதப் பாத்துட்டு, நாலு நாள்ல உழுது எள்ளு வெதைச்சுட்டாரு மனுசன்."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், ஒரு சந்தேகமுங்க. ஒருத்தரு பங்குத் தண்ணி இன்னொருத்தரு காட்டுல பாஞ்சா அது பங்கு மாத்தம்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க? கள அறிக்கைல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்குது. எழுதறதுங்களா?"

இருக்கிறது. எழுதினால் பகிர்வி அந்த ஒன்றரை மணி நேரத்தை மறுபடியும் உபரி என்று எடுத்துக்கொள்ளும். நியாயப்படி அது மணலோடைக்குப் போகவேண்டிய தண்ணீர். அங்கேயும் ஒரு வீட்டில் யாராவது குழாயைத் திறந்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடுவில் கள அறிக்கையின் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. இன்னொரு பக்கம் நூற்று எண்பத்தேழு கிணறுகள். அங்கெல்லாம் யார் யாருக்காக எடுக்காமல் விட்டார்கள், அல்லது வெறும் சோம்பலா, வெளியூரில் பிள்ளைகளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் போனது ஒரே ஒரு கிணற்றுக்கு. மற்றவற்றைப் பற்றி என்னிடம் ஆறு நிமிடத்துக்கு ஒரு எண் இருக்கிறது.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்னன்னு எழுதட்டுங்க?"

"மானி சரியா வேலை செய்யுதுன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"எழுதிட்டனுங்க. வெக்கட்டுங்களா?"

வைத்துவிடுவார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை வரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"குமரவடிவேல், கைய உசத்தினாங்கன்னு சொன்னீங்களே."

"ஆமாங்க."

"எந்தக் கை?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

"எடது கைங்க மேடம்" என்றார். "சோத்துக் கைல மம்முட்டி இருந்துதுங்க."